எதிர்ப்பக்கம்

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

முதலில் டிகிரி அதைப் பொருட்படுத்தவில்லை. தொழிற்சாலையின் மருத்துவ அறை அது. வரிசையாகச் சில கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் பச்சைத் திரை. யாராவது படுத்திருப்பார்கள். அவள் புருவ நடுவிலும் உச்சியிலும் கை கால்களிலும் முடி கனத்தில் ஊசிகள் நின்றுகொண்டிருந்தன. அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஊசி வைத்தியம் பார்க்கிற ஊசியம்மா வெளியே போயிருந்தாள். கால்மாட்டில் சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. மூலையில் ஒரு மூலிகைச் சுருட்டு, ஈர வைக்கோலைக் கொளுத்தினாற்போலக் கனிந்து கனிந்து புகைந்தது. சுவருக்கு அப்பால் எந்திரங்கள் ஓடும் அதிர்வு கட்டிலின் இரும்புக் கால் வழியாக ஏறி முதுகெலும்புக்கு வந்தது. அந்த அதிர்வுக்கு மேலே, மெதுவாக, ஈரமில்லாமல், அரிசிக்குள் கல் நெரிபடுவது போல அந்தச் சத்தம். நெரியும், நெரியும், பிறகு தாடை ஒரு முறை சொடுக்கும்.

அந்தச் சொடுக்கை அவளுக்குத் தெரியும்.

தூக்கத்தில் அவள் பல்லைக் கடிப்பாள். கல்யாணமான புதிதிலிருந்து கணவன் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் போனில் பதிவு செய்தே போட்டுக் காட்டினான். இதே நெரிபடல். இதே சொடுக்கு. ஊரில் எத்தனையோ பேர் பல்லைக் கடிக்கிறார்கள், இவளுக்கு மட்டும் காப்புரிமையா என்று தன்னையே கேலி செய்து பார்த்தாள். ஆனால் உள்ளே வந்தபோது அந்தத் திரை ஒதுக்கித்தான் இருந்தது. கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. பிறகு ஊசியம்மா திரையை இழுத்துவிட்டாள். அதன்பின் யாரும் வரவில்லை. கதவு அவள் கண்ணுக்கு நேரேதான் இருந்தது.

ஊசியம்மா திரும்பி வந்து ஊசிகளை எடுத்துப் பஞ்சால் அழுத்தியபோது, பக்கத்தில் யார் என்று டிகிரி கேட்டாள்.

“யாருமில்ல கண்ணு. தலைவலி எப்படி இருக்கு?”

தலைவலி இல்லை. மாதக்கணக்கில் இடது கண்ணுக்குப் பின்னால் குடியிருந்தது, வாடகைக்கு வந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனது போலப் போயிருந்தது. டிகிரி திரையை விலக்கிப் பார்த்தாள். கட்டில் காலிதான். தலையணையில் மட்டும் ஒரு குழி இருந்தது.

டிகிரி என்பது பட்டப்பெயர். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அப்பா மூட்டை தூக்கியவர், அம்மா கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரலை நீட்டியவள். அந்தப் பட்டத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களும் அவளை டிகிரி என்றார்கள், எரிச்சல்பட்டவர்களும் டிகிரி என்றார்கள். சூப்பர்வைசர் மட்டும் ‘மேடம்’ சேர்த்துச் சொல்வான். அதில் இருக்கும் எச்சிலை அவள் மட்டும்தான் கண்டாள்.

பெட்டி வெட்டும் எந்திரத்தில் வாலு என்று ஒரு பெண் வேலை செய்தாள். இருக்கிற இடத்தைக் கலகலப்பாக்கும் பெண். அதனால் அந்தப் பெயர். எந்திரத்தின் காப்புக் கதவைத் திறந்தால் கத்தி தானாக நின்றுவிட வேண்டும், அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. கதவு திறந்து மூடுகிற நேரத்தில் உற்பத்தி குறைகிறதென்று சூப்பர்வைசர் அந்தச் சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டினான். கட்டியதை டிகிரி பார்த்தாள். பார்த்ததோடு நிற்காமல் வாய்விட்டுச் சொன்னாள். உன் வேலை பெட்டியைப் பார்ப்பது, பெட்டியைப் பார் என்றான். அன்று பிற்பகலில் சிக்கிய அட்டையை எடுக்க வாலு கதவைத் திறந்தாள். கத்தி நிற்கவில்லை. வலது கை மணிக்கட்டோடு போனது. அன்று காலையில்தான் அந்தக் கை நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். கட்டைவிரலில் மட்டும் பாதி உரிந்துவிட்டதென்று டிகிரியிடம் காட்டிச் சலித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது விசாரணை வரப்போகிறது. தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். கம்பி கட்டியதைக் கண்ணால் பார்த்த சாட்சி டிகிரி ஒருத்திதான். அவள் சொன்னால் அவன் உள்ளே போவான், வாலுவுக்கு வாழ்நாளுக்கும் வழி பிறக்கும். சொல்லாவிட்டால், அந்தப் பெண்ணின் கவனக்குறைவு. அவ்வளவுதான்.

கணவன் அதே தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறான். ஊருக்கு முன்னால் உனக்கென்ன, பூனைக்கு மணி கட்ட நீதான் கிடைத்தாயா என்று சாப்பிடும்போதெல்லாம் ஆரம்பித்தான். தலைவலியும் ஆரம்பித்தது. சாட்சி சொல்வதற்காக அவள் மனப்பாடம் செய்த சொற்களே வலியில் குழறின.

ஊசியம்மாவிடம் போகச் சொன்னதே வாலுதான். வெட்டுப்பட்ட கை, இல்லாத கை, ராத்திரியெல்லாம் வலித்ததாம். இல்லாத விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிரவே மாட்டேனென்றனவாம். மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். ஊசியம்மா இடது கையில் குத்தினாள், வலது கை வலி ஓடிப்போனது.

“வலிக்கிற இடத்துல குத்த மாட்டாங்களாம்க்கா. எதிர்ப்பக்கம் குத்துவாங்களாம். அப்ப வலி அந்தப் பக்கமா இறங்கிப் போயிடுமாம்.”

சொல்லும்போது வாலுவின் முகம் கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது. சூப்பர்வைசர் வந்து நலம் விசாரித்தானாம், அவளும் வணக்கம் சொன்னாளாம். எந்திரம்தானே எடுத்தது, அவரா எடுத்தார் என்றாள். டிகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயந்துவிட்டாள், பாவம், பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தன் கோபத்தோடு அவள் பங்கையும் சேர்த்துத் தானே சுமந்துகொண்டாள்.

விசாரணைக்கு முன் தலைவலி திரும்பி வந்தது. வட்டியும் முதலுமாக வந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் குமட்டியது. அந்தப் பல் சத்தம் ஏதோ தண்ணீர்க் குழாயின் சத்தம் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு மறுபடி போனாள்.

ஊசியம்மா நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பூட்டின் உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்கும் திருடி போல நாடி பார்த்தாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலப் பேசுகிறவள் அவள்.

“தலைவலி கிளைதான் கண்ணு. வேர் கோபம். கல்லீரல்ல போய் உக்காந்திருக்கு.”

கோபம் இருக்கட்டும், வலியை மட்டும் எடுங்கள் என்றாள் டிகிரி. அந்தக் கோபம் எனக்கு வேண்டும், எனக்கு வேலை இருக்கிறது என்றாள்.

“ரெண்டும் ஒரே ஓட்டம். ஒண்ணைத் தனியா எடுக்க வராது.”

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். அவளும் எழத்தான் பார்த்தாள். இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணியைத் திருகினார்கள். படுத்துவிட்டாள்.

கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் சிறிய பிளாஸ்டிக் குழாயை வைத்து, ஊசியம்மா விரல் நுனியால் தட்டினாள். குழாயை எடுத்துவிட்டு ஊசியைப் பிடித்து மெல்ல உருட்டினாள். எறும்பு ஊர்ந்தது, பிறகு கனம், ஈயத்தை உருக்கி ஊற்றினாற்போலக் கனம். சதை ஊசியை உள்ளுக்கு இழுத்துக் கவ்வியது.

“பிடிச்சிடுச்சு,” என்றாள் ஊசியம்மா திருப்தியாக. “பிடிக்கிற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது.”

கட்டைவிரல் பள்ளம், முழங்கால் ஓரம், புருவ நடு, உச்சி. திரையை இழுத்துவிட்டு விளக்கைத் தணித்துவிட்டுப் போனாள்.

இந்த முறை பல் சத்தம் இல்லை. மூச்சு. இவள் இழுத்தால் அங்கே விடும், இவள் விட்டால் அங்கே இழுக்கும்; இருவர் சேர்ந்து ஒரே ரம்பத்தை இழுப்பது போல. டிகிரி சோதித்துப் பார்க்க மூச்சை அடக்கினாள். அந்தப் பக்கமும் நின்றது. அப்புறம் ஒரு குரல், சுவரோடு பேசுவது போல, தணிந்து, பல்லிடுக்கில்.

“நான் பார்த்தேன் சார். கம்பியை அவர்தான் கட்டினார். நான் வேண்டாம்னு சொன்னேன்.”

அவளுடைய குரல். அவள் குளியலறையில் நின்று பழகிய அதே சொற்கள், அதே வரிசை, ‘வேண்டாம்’ என்ற இடத்தில் வரும் அதே நடுக்கம். திரை லேசாக அந்தப் பக்கமிருந்து ஊதப்பட்டது. கத்த வேண்டும் போலிருந்தது. அந்த எண்ணம் வந்து, தொண்டை வரை ஏறி, அங்கிருந்து வேறு எங்கேயோ வடிந்துபோனது. திரைக்கு அந்தப் பக்கம்தான் யாரோ கத்தினார்கள், வாயை மூடிக்கொண்டு.

அறையை விட்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தான்.

“என்ன டிகிரி மேடம், இன்னைக்கு முறைக்கலையா?”

அவள் சிரித்தாள்.

சிரித்துவிட்டு நாலடி நடந்த பிறகுதான் தான் சிரித்ததே தெரிந்தது. கையை வாயருகே கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். உதடு இன்னும் விரிந்துதான் இருந்தது, மடித்து வைக்க மறந்த குடை மாதிரி.

இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்றான் கணவன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று சாட்சியைச் சொல்லிப் பார்த்தாள். பெட்டியின் மேல் அச்சடித்த எழுத்தைப் படிப்பது போல வந்தது. அந்தப் பிற்பகலை நினைவுக்கு இழுத்தாள். வந்தது, சத்தமில்லாமல். வாலுவின் வாய் திறக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. அட்டையில் ரத்தம் பரவுகிறது; அச்சுப் பிழை, இந்தப் பெட்டி தேறாது என்று தோன்றியது.

ஆனால் பயம் இருந்தது. பயம் குறையவே இல்லை. பயம் சிறுநீரகத்தில் இருக்கும், அதன் வழி வேறு என்று ஊசியம்மா ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அந்த வழியை அவள் தொடவே இல்லை. எதற்குத் தொட வேண்டும்? பயந்தவர்கள்தான் நேரத்துக்கு வேலைக்கு வருகிறார்கள்.

அந்தப் பயம்தான் விசாரணை நாளன்று அவளை மருத்துவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனது. தன்னுடையது எதுவோ அங்கே கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் ஒழிய அதிகாரி முன்னால் வாய் திறக்காது. இதை யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லவில்லை.

விசாரணை அடுத்த அறையில்தான். நடுவில் வெறும் பலகைச் சுவர். அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்காலிகள் இழுபடுவது கேட்டது. யாரோ டீ வேண்டுமா என்று கேட்டார்கள்.

மருத்துவ அறையில் ஆள் இல்லை. விளக்கு மட்டும் சிவப்பாக. புகை நாற்றம். எல்லாத் திரைகளும் இழுத்து மூடியிருந்தன. அவள் தன் கட்டிலைத் தாண்டிப் போனாள். அடுத்த கட்டிலின் திரை உள்ளே வாங்கியது, வெளியே தள்ளியது. உள்ளே வாங்கியது.

விலக்கினாள்.

அவள் படுத்திருந்தாள்.

அதே முகம். அதே இடது புருவத் தழும்பு. உடம்பெல்லாம் ஊசி, புல் முளைத்தது போல. விழித்த கண் சிவந்து, கூரையை எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. தாடை இறுகியிருந்தது. கடைவாயில் ரத்தக் கசிவு. கண் மட்டும் உருண்டு இவள் பக்கம் வந்தது.

“எடு,” என்றது அது.

டிகிரி காலில் இருந்த ஊசியைப் பிடித்தாள். வரவில்லை. சதை கவ்வியிருந்தது. உருட்டினாள். இழுத்தாள். வந்தது, வேரோடு வருவது போல. அந்தக் கணமே தலைக்குள் ஆணி இறங்கியது. வலித்தது. வலி அவளுடையது. அதோடு சத்தமும் வந்தது: வாலு கத்திய கத்தல், முழுதாக.

அடுத்த ஊசி. கம்பியைக் கட்டிய அவன் விரல்கள். அடுத்தது. ‘பெட்டியைப் பார்.’ அடுத்தது. கணவனின் தட்டு. தாழ்வாரத்தில் தான் சிரித்த சிரிப்பு. அது வந்தபோது அடிவயிற்றிலிருந்து நெருப்பு ஏறியது. ஆகா. இதுதான். இது இருந்தால் போதும். சொல்வேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். புருவ நடு. இனி ஒன்றே ஒன்று, உச்சியில்.

இழுத்தாள்.

கூரை தெரிந்தது.

முதுகின் கீழே இரும்புக் கட்டில் அதிர்ந்தது. கடைவாயில் உப்புக் கரித்தது. எழப் பார்த்தாள், கை கால்களில் ஈயம். கோபம் அவளிடம் வரவில்லை. கோபம் கிடந்த இடத்துக்கு அவள் வந்திருந்தாள்.

கட்டிலருகே ஒருத்தி நின்றாள். இவள் சேலை. இவள் அடையாள அட்டை. கழுவிவைத்த தட்டு மாதிரி முகம். கையில் ஒரு பிடி ஊசி.

அவளுக்குப் பின்னால், எப்போது வந்தாளோ, ஊசியம்மா.

“பரவாயில்ல கண்ணு. முதல் முறை எல்லாரும் எடுத்துப் பார்ப்பாங்க. நீயே திருப்பிப் போடு. பிடிக்கிற வரைக்கும் கைய எடுக்காத.”

நின்றவள் போட்டாள். நிதானமாக. பெட்டி தரம் பார்க்கும் அதே கவனத்தோடு. கால் விரல் பள்ளம். உருட்டினாள். பிடித்தது. கட்டைவிரல் பள்ளம். பிடித்தது. கடைசியில் குனிந்து, தாடையின் இரண்டு ஓரத்திலும் புதிதாக ஒவ்வொன்று. பல் பூட்டிக்கொண்டது.

திரை மூடியது. செருப்புச் சத்தம் தூரப் போனது. அவளுடைய செருப்பு, இடது கால் லேசாகத் தேயும் நடை. பக்கத்து அறைக் கதவு திறந்தது.

பலகைச் சுவர் எதையும் மறைக்கவில்லை. அதிகாரி மரியாதையாகக் கேட்டார். குரல் மரியாதையாகப் பதில் சொன்னது.

“நான் எதையும் பார்க்கல சார். நான் பெட்டியத்தான் பார்த்துட்டிருந்தேன்.”

இங்கே அவள் கத்தினாள். பூட்டிய பல்லுக்குப் பின்னால். ஒரு சொடுக்கு மட்டும் வெளியே வந்தது.

அங்கே யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன. டீ வந்தது.

பிறகு அறை அமைதியானது. அமைதியில் மூச்சு. ஒரே ஒரு மூச்சு அல்ல. அடுத்த திரைக்குப் பின்னால் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று, அதற்கும் அப்பால், அறை எவ்வளவு நீளமோ அதைவிட நீளமாக, வரிசையாக. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துத் திரையின் அடி ஓரம் அசைந்தது.

விரல்கள். சின்ன விரல்கள். திரைக்குக் கீழே தடவிக்கொண்டு, கட்டில் சட்டத்தில் ஏறி, அவள் கையைத் தேடின. விரலிடுக்கெல்லாம் ஊசி. அவள் விரலைக் கண்டதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

வலது கை. நகங்களில் சிவப்புச் சாயம். கட்டைவிரலில் மட்டும் பாதி உரிந்திருந்தது.